பறக்கும் சிறு பாடும்பறவைகளை ஒளிப்படம் எடுத்தல்

பறக்கும் சிறு பாடும்பறவைகளை ஒளிப்படம் எடுத்தல் என்பது சிட்டு, சில்லை, தேன்சிட்டு, தகைவிலான் முதலிய சிறிய பறவைகள் சிறகடித்துச் செல்லும் கணத்தைத் தெளிவான படமாகப் பதிவு செய்யும் இயற்கை ஒளிப்படக்கலைப் பிரிவு ஆகும். கொக்கு, பருந்து, நாரை போன்ற பெரிய பறவைகளைப் பறக்கும்போது படம் எடுப்பதற்கும் இதற்கும் முறையளவில் பெரிய வேறுபாடு உண்டு. பெரிய பறவையை ஒளிப்படக்கருவியால் பின்தொடரலாம். சிறு பறவையைப் பெரும்பாலும் பின்தொடர முடியாது. அது வரப்போகும் இடத்தை முன்னரே அறிந்து, ஒளியையும் கருவியையும் அங்கே அமைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாடும்பறவைகள் என்பன குரல்வளை உறுப்பு நன்கு வளர்ச்சியடைந்த ஏறத்தாழ 5,000 இனங்களைக் கொண்ட பெருங்குழுவாகும். காகமும் இதில் அடங்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இக்கட்டுரை அக்குழுவில் சிட்டுக்குருவியின் அளவும் அதனினும் சிறிய அளவும் உள்ள பறவைகளைப் பற்றியது. ஓசனிச்சிட்டு இதே நுட்பங்களால் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்டிருப்பினும், அது பாடும்பறவைக் குழுவைச் சேர்ந்தது அன்று.

சிறகின் வேகம்

இத்துறையின் இடர்ப்பாடு முழுவதையும் ஓர் எளிய கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். சிறு பாடும்பறவைகள் பொதுவாக நொடிக்கு 15 முதல் 30 தடவை சிறகடிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு சிறகின் நீளம் 10 செ.மீ. என்றும், அது மேலிருந்து கீழாக 120 பாகை வீசுகிறது என்றும், நொடிக்கு 20 தடவை அடிக்கிறது என்றும் கொள்வோம். ஒரு வீச்சில் சிறகு நுனி கடக்கும் வில்லின் நீளம் ஏறத்தாழ 21 செ.மீ. கீழ்வீச்சும் மேல்வீச்சும் சேர்ந்தது ஓர் அடிப்பு. ஆகவே நுனியின் சராசரி வேகம் நொடிக்கு 8.4 மீட்டர். வீச்சின் இரு முனைகளிலும் சிறகு கணநேரம் நின்று திரும்புவதால், நடுப்பகுதியில் அதன் வேகம் சராசரியைவிடக் கூடுதலாக, நொடிக்கு 13 மீட்டர் அளவில் இருக்கும்.

இப்போது ஒளிப்படக்கருவியில் ஷட்டர் எனப்படும் மூடி 1/1000 நொடி திறந்திருந்தால், அந்நேரத்தில் சிறகு நுனி 13 மி.மீ. நகர்ந்துவிடும். படத்தில் இறகுகள் தனித்தனியே தெரியாமல் புகைபோல் கலைந்து தோன்றும். 1/4000 நொடி எனில் நகர்வு 3 மி.மீ.க்குச் சற்று மேல். சிறகின் வடிவம் தெரியும், இறகின் விளிம்பு தெரியாது. 1/20000 நொடி எனில் 0.7 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. இறகின் நரம்பு வரை தெளிவாகத் தெரியும் படங்கள் இந்த அளவில்தான் கிடைக்கின்றன.

சிறகு நுனியின் கலைவு எப்போதும் குறை அன்று. உடலும் கண்ணும் தெளிவாக இருந்து நுனி மட்டும் சற்றே கலைந்திருக்கும் படம் பறத்தலின் விரைவை நன்றாகவே உணர்த்தும். ஆனால் அது எடுப்பவரின் தெரிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது இடர்ப்பாடு தெளிவு ஆழம். 300 மி.மீ. வில்லையைக் கொண்டு 5 மீட்டர் தொலைவில் உள்ள பறவையை எஃப்/5.6 துளையில் எடுத்தால், முழுச்சட்டக உணரியில் ஏறத்தாழ 9 செ.மீ. ஆழம் மட்டுமே தெளிவாகப் பதியும். இது சிட்டுக்குருவியின் சிறகுவிரிவில் பாதிகூட இல்லை. எஃப்/16 எனத் துளையைச் சுருக்கினால் ஆழம் 27 செ.மீ. ஆகும், ஆனால் உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். நேரத்தையும் குறைக்க வேண்டும், துளையையும் சுருக்க வேண்டும், பறவையோ நிழலான புதரோரத்தில் பறக்கிறது. வேண்டிய ஒளி எங்கிருந்து வரும் என்பதே இக்கலையின் மையக் கேள்வி.

வரலாறு

பறத்தலை முதலில் படமாக்கியவர்கள் பெரிய பறவைகளையே தெரிந்தெடுத்தனர். பிரான்சு நாட்டு உடலியங்கியலாளர் எத்தியேன் சூல் மாரே 1882 ஆம் ஆண்டில் துப்பாக்கி வடிவிலான ஒரு படக்கருவியை உருவாக்கினார். அது நொடிக்கு 12 படங்களை, ஒவ்வொன்றும் 1/720 நொடி அளவில், சுழலும் தட்டில் பதிந்தது. செருமானியரான ஒட்டோமார் அன்சூட்சு 1884 இல் எடுத்த நாரைப் படங்கள் அக்காலத்தில் பெரும் வியப்பை ஏற்படுத்தின. நொடிக்கு ஒருசில தடவை மட்டும் சிறகடிக்கும் பறவைக்கு இந்த வேகங்கள் போதுமானவை. சிட்டுக்கு அவை போதா.

திருப்பம் மின்பொறியியலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரோல்டு எட்ஜர்ட்டன் 1930களில் மின்தேக்கியில் சேமித்த மின்னாற்றலை வளிமம் நிரப்பிய குழாயினூடே ஒரே கணத்தில் பாய்ச்சி, மிகக் குறுகிய நேரம் மட்டும் ஒளிரும் விளக்குகளை உருவாக்கினார். அவற்றைக் கொண்டு ஓசனிச்சிட்டுகளையும் படம் எடுத்தார். அதுவரை பயன்பட்ட எரிகுமிழ் விளக்குகள் பேரொளி தந்தபோதிலும் மெதுவாக எரிந்து அணைந்தன. அவற்றால் சிறகை நிறுத்திக் காட்ட இயலவில்லை.

வேதிப் பொறியாளரும் டுபாண்ட் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவருமான கிராஃபோர்டு கிரீன்வால்ட், அதிவேகப் பளிச்சொளியால் எடுத்த ஓசனிச்சிட்டுப் படங்களை 1960 இல் நூலாக வெளியிட்டார். இவர் 1968 இல் பறவைகளின் பாடல் எவ்வாறு உருவாகிறது என்பது குறித்தும் ஒரு நூல் எழுதினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்றை ஒரு பொறியாளர் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்பதற்கு இவர் நல்ல எடுத்துக்காட்டு.

பிரித்தானியரான இசுடீபன் டால்ட்டன் 1970களில் பறக்கும் பூச்சிகளைப் படம் எடுப்பதற்காக, 1/25000 நொடி அளவே ஒளிரும் விளக்குகளையும், தாமதமின்றித் திறக்கும் தனி மூடியையும், ஒளிக்கற்றையால் இயங்கும் தூண்டியையும் ஒன்றிணைத்தார். அப்படங்கள் 1975 இல் நூலாக வந்தன. அவற்றுள் ஒன்று 1977 இல் ஏவப்பட்ட வொயேச்சர் விண்கலங்களின் பொன்தட்டிலும் இடம்பெற்றுள்ளது. பூச்சிகளுக்காக அமைத்த இதே ஏற்பாட்டை அவர் தகைவிலான் உள்ளிட்ட பறவைகளுக்கும் பயன்படுத்தினார். இன்றும் பளிச்சொளி முறையில் எடுப்போர் பின்பற்றுவது அடிப்படையில் இந்த ஏற்பாட்டையே ஆகும்.

பளிச்சொளி முறை

ஃபிளாஷ் எனப்படும் பளிச்சொளி விளக்கு இங்கு வெளிச்சத்துக்காக மட்டும் பயன்படுவதில்லை; நேரத்தை அளந்து கொடுப்பதும் அதுவே. இருட்டறையில் மூடி ஒரு முழு நொடி திறந்திருந்தாலும், விளக்கு 1/20000 நொடி மட்டும் ஒளிர்ந்தால் படத்தில் பதிவது அந்த 1/20000 நொடிதான். மூடியின் வேகம் அங்கே பொருளற்றதாகிவிடுகிறது.

கருவியின் மேல் பொருத்தும் சாதாரண சிறு விளக்குகளே இதற்குப் போதுமானவை. முழு ஆற்றலில் அவை 1/1000 நொடி அளவில் ஒளிர்கின்றன; இது சிறகுக்கு மிக நீண்ட நேரம். ஆற்றலைக் குறைக்கும்போது விளக்கு மங்கலாக எரிவதில்லை. ஒரு மின் ஆளி, குழாயில் பாயும் மின்னோட்டத்தை இடையிலேயே துண்டித்துவிடுகிறது. எனவே ஆற்றல் குறையக் குறைய ஒளிரும் நேரமும் குறைகிறது. முழு ஆற்றலில் 1/32 பங்குக்கு வைத்தால் பெரும்பாலான சிறு விளக்குகள் 1/20000 நொடியை அண்மிக்கின்றன.

இதற்குரிய விலை, ஒளியின் அளவும் 1/32 ஆகிவிடுவதாகும். ஆகவே விளக்குகளைப் பறவை கடக்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டருக்குள், மூன்று அல்லது நான்காக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு விளக்கின் ஆற்றலைக் கூட்டுவதும் விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஒளிரும் நேரத்தை நீட்டும். இரண்டாவது நேரத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் கூட்டும்.

அடுத்த சிக்கல் கதிரவன். பெரும்பாலான கருவிகளின் மூடி இரு திரைகளால் ஆனது. 1/250 நொடியைவிட விரைவாக வைத்தால் உணரி முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை; எனவே பளிச்சொளி படத்தின் ஒரு பட்டையில் மட்டும் பதியும். 1/250 நொடியில் நிற்கும்போதோ பகலொளியும் உள்ளே வருகிறது. நொடிக்கு 8 மீட்டர் பறக்கும் பறவை அந்நேரத்தில் 3 செ.மீ. நகர்வதால், பளிச்சொளி பதிந்த கூரிய உருவத்தின் மேல் பகலொளி பதிந்த மங்கிய உருவம் ஒன்று படிந்துவிடும்.

திறந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/16 எனில் 1/400 நொடியே சரியான அளவு. ஆகவே 1/250 நொடியில் பகலொளி மட்டுமே படத்தை நிரப்பிவிடும்; அங்கே இம்முறை பயன்படாது. மூன்று படிகள் குறைவான ஒளியுள்ள நிழலில் அதே அமைப்பில் பகலொளியின் பங்கு தேவையில் ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஐ.எஸ்.ஓ. 100 ஆக்கினால் இருபதில் ஒன்று. மங்கிய உருவம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் இதன் விளைவாகப் பின்புலம் கரிய இரவுபோல் ஆகிவிடும். பகற்பறவை ஒன்று நள்ளிரவில் பறப்பதுபோன்ற படங்கள் பழைய நூல்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இன்று பலர் பின்னால் இலைக்கொத்தையோ வண்ணம் பூசிய பலகையையோ நிறுத்தி, அதற்கெனத் தனி விளக்கு ஒன்றை ஒதுக்குகின்றனர்.

அதிவேக ஒத்திசைவு என்ற பெயரில் விளக்குகளில் காணப்படும் வசதி இதற்கு உதவாது. 'அதிவேகம்' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. அவ்வசதியில் விளக்கு, மூடியின் திரைகள் நகரும் நேரம் முழுவதும் தொடர்ந்து துடித்து ஒளிர்கிறது. அப்போது நேரத்தை அளப்பது மீண்டும் மூடியே ஆகும்.

தூண்டுதல்

பறவையைக் கண்டு விரலை அழுத்த மனிதருக்கு 0.2 நொடியேனும் ஆகும். அதற்குள் பறவை ஒன்றரை மீட்டர் போய்விடும். இதனால் பறவை கடக்கும் பாதையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைச் செலுத்தி, கதிர் மறைபடும்போது கருவி தானே இயங்குமாறு அமைக்கின்றனர். இரு கதிர்களை ஒன்றையொன்று வெட்டுமாறு அமைத்து, இரண்டும் ஒருங்கே மறைபட்டால் மட்டும் படம் எடுக்கச் செய்தால் தெளிவுப் புள்ளி இன்னும் உறுதியாகும்.

ஆனால் கருவிக்கும் தாமதம் உண்டு. எஸ்.எல்.ஆர். வகைக் கருவியில் ஆடி மேலே எழுந்து மூடி திறக்க 0.05 நொடி அளவில் ஆகும். பறவை 40 செ.மீ. முன்னேறிவிடும். ஆகவே கதிரைத் தெளிவுப் புள்ளியில் வைக்காமல், பறவை வரும் திசையில் அத்தூரம் முன்பாக வைக்க வேண்டும். பறவையின் வேகம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இராது என்பதால், இந்தக் கணக்கு பாதிநேரம் பொய்த்துப்போகும். டால்ட்டன் தனி மூடி ஒன்றை உருவாக்க நேர்ந்தது இதனால்தான்.

பகலொளி முறையும் புதிய கருவிகளும்

விளக்குகளோ கதிர்களோ இன்றி, நல்ல வெயிலில் 1/3200 நொடி அல்லது அதைவிட விரைவாக மூடியை வைத்து, தொடர்ச்சியாகப் பல படங்களை எடுப்பது இன்றைய பொது வழக்கம். உணரிகளின் திறன் வளர்ந்ததால் உயர்ந்த ஐ.எஸ்.ஓ. எண்களிலும் ஏற்கத்தக்க படம் கிடைக்கிறது.

ஆயினும் தொடர் படப்பிடிப்பை மட்டும் நம்புவது வீண். நொடிக்கு 20 படங்கள் எடுத்தாலும் இரு படங்களுக்கு இடையில் பறவை 40 செ.மீ. கடக்கிறது, தெளிவு ஆழமோ அதில் கால் பங்கு. நொடிக்கு 120 படங்கள் எனில் இடைவெளி 7 செ.மீ. அளவாகக் குறைகிறது. வேடிக்கையான ஒரு விளைவும் உண்டு. நொடிக்கு 20 தடவை சிறகடிக்கும் பறவையை நொடிக்கு 20 படங்கள் வீதம் எடுத்தால், எல்லாப் படங்களிலும் சிறகு ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். சுழலும் சக்கரம் திரைப்படத்தில் நின்றதுபோல் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

உண்மையான மாற்றத்தைக் கொணர்ந்தது முன்பதிவு வசதி ஆகும். விரல் பொத்தானில் பாதி அழுத்தியிருக்கும்போதே கருவி படங்களை நினைவகத்தில் எடுத்து எடுத்து அழித்துக்கொண்டிருக்கும். முழுதும் அழுத்தியவுடன், அழுத்துவதற்கு முந்தைய கணங்களின் படங்களையும் சேர்த்துச் சேமிக்கும். மனிதரின் 0.2 நொடித் தாமதம் இவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது. காசியோ நிறுவனம் 2008 இல் வெளியிட்ட எக்ஸ்-எஃப்1 கருவியில் இவ்வசதி இருந்தது. ஒலிம்பசு நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டுக் கருவியின் வழியாக அது இயற்கை ஒளிப்படக்காரர்களிடையே பரவியது. கிளையிலிருந்து சிட்டு எழும்பும் கணத்தை எடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

மூடியே இல்லாமல் மின்னணு முறையில் பதியும்போது ஒரு குறைபாடு தோன்றுகிறது. பல உணரிகள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. இதற்கு 1/30 நொடி ஆகும் எனில், அதற்குள் நம் எடுத்துக்காட்டுச் சிறகு தன் அடிப்பில் பாதிக்கு மேல் முடித்துவிடும். படத்தில் சிறகு ரப்பர்போல் வளைந்து தோன்றும். அடுக்கு உணரிகள் இக்குறையைப் பெரிதும் குறைத்தன. சோனி நிறுவனம் 2023 இல் அறிவித்த ஆல்ஃபா 9 வரிசையின் மூன்றாம் கருவி எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கிறது. அதன் மிகக் குறுகிய நேரம் 1/80000 நொடி. விலை பெரும்பாலோருக்கு எட்டாதது.

பறவையின் பழக்கம்

கருவி எதுவாயினும், பறவையின் பழக்கத்தை அறியாதவருக்குப் படம் கிட்டாது. கரிச்சானும் ஈப்பிடிப்பானும் பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் புறப்பட்ட கிளைக்கே திரும்புகின்றன. தகைவிலான்கள் பறந்தபடியே நீர் அருந்துகின்றன. அப்போது ஒரே வழியில் மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றன. குளியல் தொட்டிக்கு வரும் சிட்டு, நேரே தொட்டிக்கு வராமல் அருகிலுள்ள ஒரு கிளையில் அமர்ந்து நாற்புறமும் பார்த்த பின்னரே இறங்கும். அந்தக் கிளைக்கும் தொட்டிக்கும் இடையிலான பாதையே படமெடுக்க ஏற்ற இடம்.

பறவைகள் காற்றை எதிர்கொண்டே எழும்புகின்றன, இறங்குகின்றன. எனவே காற்று நம் முதுகில் படுமாறு நின்றால் பறவையின் முகம் நம்மை நோக்கியிருக்கும். இறங்கும் கணம் மற்றெல்லாவற்றையும்விட மேலானது. வேகம் குறைந்து, உடல் நிமிர்ந்து, சிறகும் வாலும் முழுதாக விரிகின்றன. சிறகின் முன்விளிம்பில் உள்ள சிறு இறகுத்தொகுதியும் தனியே எழுந்து தெரியும்.

பல சிறு பாடும்பறவைகள் தொடர்ந்து சிறகடிப்பதில்லை. சில அடிப்புகளுக்குப் பின் சிறகுகளை உடலோடு மடக்கி, எறிந்த கல்லைப்போல் சற்றுத் தூரம் செல்கின்றன. வாலாட்டியின் அலைபோன்ற பறத்தல் இத்தகையது. இதனால் தொடர்படங்களில் பல, சிறகே இல்லாத உருண்டைபோல் வந்துவிடும். தொடங்குவோர் இவற்றைக் குப்பையென அழித்துவிடுகின்றனர். பறக்கும் முறையைத் தெளிவாகக் காட்டும் சான்று என்ற வகையில் அவை வைத்துக்கொள்ளத்தக்கவை.

கூடு

ஒரு சிறு பறவை மிக உறுதியாகத் திரும்பி வரும் ஒரே இடம் அதன் கூடு. நாள் முழுதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரே வழியில், அலகில் உணவுடன் வரும். ஒளிப்படக்காரருக்கு இதைவிட வாய்ப்பான இடம் இல்லை. பறவைக்கு இதைவிட ஆபத்தான இடமும் இல்லை. சென்ற நூற்றாண்டின் பறவைப் படங்களில் பெரும்பகுதி கூட்டருகே எடுக்கப்பட்டவை. பிரித்தானியப் பறவை ஒளிப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங் 1937 இல் ஆந்தைக் கூட்டருகே சென்றபோது தாக்கப்பட்டு இடது கண்ணை இழந்தார். ஆந்தைக்குத் தற்காத்துக்கொள்ள நகங்கள் இருந்தன. தேன்சிட்டால் செய்யக்கூடியது கூட்டைக் கைவிடுவது மட்டுமே.

தீங்கு நேரும் விதம் பெரும்பாலும் எடுப்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வில்லைக்குக் குறுக்கே நிற்கும் இரண்டு இலைகளை ஒதுக்கினால், அவர் சென்றபின் அந்த இடைவெளி வழியே காகமும் பாம்பும் கூட்டைக் காணும். வெயில் நேரே குஞ்சுகள் மேல் விழும். அலகில் புழுவுடன் பெற்றோர்ப் பறவை கிளையில் தயங்கி நின்று எச்சரிக்கைக் குரல் எழுப்பினால், அது ஒளிப்படத்துக்காகக் காட்டும் தோற்றம் அன்று. குஞ்சின் ஒரு வேளை உணவு தள்ளிப்போகிறது என்று பொருள்.

பாடும்பறவைகளுக்கே உரிய மற்றொரு தொல்லை, பதிவுசெய்த பாடலை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைப்பது. ஆண் பறவை தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி விரட்ட வரும். இல்லாத எதிரியைத் தேடி, இரை தேடும் நேரத்தை இழக்கும்.

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்பதன் வரையறைக்குள் சேர்த்துள்ளது. பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். அவற்றைக் கூட்டில் படம் எடுக்க உரிமம் வேண்டும்.

நீர்த்தொட்டி, தீனித்தட்டு, வழக்கமாக அமரும் கிளை ஆகியவற்றின் அருகே கருவியை அமைத்தால், பறவை விரும்பாவிடில் வேறிடம் போகலாம். குஞ்சுள்ள கூட்டில் அதற்கு அந்தத் தெரிவு இல்லை. தீனித்தட்டருகிலும் விளக்குகளை ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தாமல், வெற்றுத் தாங்கிகளைச் சில நாட்கள் முன்னரே வைத்துப் பழக்குவது நல்லது. பறவைகள் வருவது குறைந்தால் தாங்கிகளைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.